ஒரு பிடி பருப்போடு மங்களூருக்கு

எங்கள் தெருவில் பிள்ளைகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கமில்லை. வெளியூர்ப் பிள்ளைகள்தான் எங்கள் தெருவுக்கு வருவார்கள். பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாங்கள் இருக்கும் சந்தில் மட்டும் வேலைக்கு வந்த பிள்ளைகள் காசு கட்டித் தங்கும் பி.ஜி. மூன்று இருக்கின்றன. காலையில் ஈரத்தலையும் லேப்டாப் பையுமாகப் பாதிப் பேர் இந்தியும் பாதிப் பேர் தெலுங்கும் பேசிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ஊர் உலகமே பெங்களூருக்கு வேலை தேடி வரும்போது, இங்கேயே பிறந்து இங்கேயே படித்த எங்கள் மகளுக்கு மங்களூரிலிருந்து வேலை வந்தது. கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் வந்து கத்தினால் திருப்பிக் கத்தாமல் இருப்பதுதான் அங்கே எனக்கு முக்கியமான வேலை. அங்கே கத்தாததை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீட்டில் அவிழ்ப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்டும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்பவர். மகள் ஒருத்திதான். கம்ப்யூட்டரில் படம் வரைகிற படிப்பு படித்தாள். மங்களூரில் மூடிக்கிடந்த ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைப் புதுப்பித்து, அதற்குள் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவள் சண்டையே போடவில்லை. "நீயே போய்ப் பாத்துட்டு வாம்மா. ஊரு, ஆபீசு, தங்குற எடம், எல்லாத்தையும் பாரு. நீ சரின்னா போறேன். வேணான்னா இங்கயே எதுனா தேடிக்கிறேன். உன் முடிவுதான்" என்றாள்.

இவ்வளவு நல்ல பிள்ளையை யார்தான் வெளியூருக்கு அனுப்புவார்கள்? அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். ஆனால் பார்க்காமலே வேண்டாம் என்றால் எனக்குத்தான் கெட்ட பெயர். போய், பார்த்து, நாலு குறையைக் கண்டுபிடித்து, நியாயமான முறையில் வேண்டாம் என்று சொல்வதுதான் என் திட்டம். குறை கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. கல்யாண வீட்டில் பாயசத்தில் எது குறைகிறது என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பருப்பை நம்பியிருந்தேன். எங்கள் சொந்தபந்தத்தில் ஓர் ஊரைப் பற்றி விசாரித்தால் முதலில் கேட்பது, "தண்ணி எப்படி, பருப்பு வேகுதா?" என்றுதான். பருப்பு வேகாத தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும், குடித்தால் வயிறு கெடும், அந்த ஊரில் மனுஷர் குடியிருக்க முடியாது. எனக்குக் கல்யாணம் பேசியபோது என் அம்மா மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் ஜோகுபாளையத்துத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டாராம். கடலோர ஊர். தண்ணீர் எப்படியும் உப்பாகத்தான் இருக்கும். வீட்டு டப்பாவிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கோர்ட்டுக்குச் சாட்சியைக் கூட்டிப் போவது போல இருந்தது.

இப்போது கர்நாடகத்தில் ஆதாரைக் காட்டினால் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஏசி வண்டிக்கும் படுத்துக்கொண்டு போகிற வண்டிக்கும் அது செல்லாது. அதனால் சிவப்பு பஸ்தான் என்று முடிவு செய்தேன். "மலை ரோடு, முதுகு ஒடிஞ்சிடும்" என்றார் கூட வரக் கிளம்பிய என் வீட்டுக்காரர். "உங்களுக்குக் காசு குடுத்து ஒடியும், எனக்கு ஃப்ரீயா ஒடியும். யாருக்கு லாபம்?" என்று கேட்டேன். மலை இறங்கும்வரை அவர் தலை என் தோளிலும் என் தலை ஜன்னல் கம்பியிலும் முட்டிக்கொண்டே வந்தன.

விடிவதற்கு முன்னால் மங்களூரில் இறங்கினோம். மார்கழியிலும் வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே முதல் குறையைக் குறித்துக்கொண்டேன். மகள் தங்கப்போகும் பி.ஜி.க்காரம்மாவிடம் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தோம். அதுவரை எங்கேயாவது இருந்தாக வேண்டும். லாட்ஜில் அறை எடுப்பதாக எண்ணமே இல்லை. பஸ் ஸ்டாண்டிலேயே பல் தேய்த்து முகம் கழுவினோம். "நேரா பீச்சுக்குப் போய்ரலாம். கடல்ல சூரியன் வர்றதப் பாக்கலாம். காசில்லாத ஷோ" என்றார் அவர். அவர் பார்த்த ஒரே கடல் சென்னைக் கடல். நான் பார்த்ததும் அதுதான்.

டவுன் பஸ்ஸில் ஏறி, மிடுக்காக ஆதாரை எடுத்து நீட்டினேன். கண்டக்டர் அதை வாங்கிப் படம் என்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு, இது தனியார் வண்டி அம்மா, காசு கொடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். நாங்கள் பெங்களூரில் பேசுவதும் கன்னடம்தான்; கால்வாசி தமிழ், கால்வாசி உருது, மீதிக்குக் கையாட்டல். இவரோ பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போல, முழு வாக்கியத்தில், அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைக்குப் பிறகு சண்டை போட வாய் வரவில்லை. இரண்டாவது குறை என்று வைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

கடற்கரையில் எங்களைத் தவிர நாலைந்து நாய்கள்தான் இருந்தன. மணலில் துண்டை விரித்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். ஃப்ளாஸ்க்கில் வீட்டுக் காபி கொஞ்சம் மிச்சமிருந்தது. வானம் மெதுவாக வெளுத்தது. அவர் ஃபோனை எடுத்து, வீடியோ பிடிக்கத் தயாராகக் கடலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கடல் சாம்பல் நிறமாகவே இருந்தது. "மேகம்" என்றார். மேகமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பனி" என்றார். சூரியனே வராத ஊர், இதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் மணலில் எங்கள் நிழலைப் பார்த்தேன். இரண்டும் எங்களுக்கு முன்னால், கடலைத் தொடப்போவது போல நீளமாக விழுந்து கிடந்தன. திரும்பிப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு மேலே சூரியன் ஏறி உட்கார்ந்து எவ்வளவு நேரமாகிவிட்டதோ. நமக்குக் கடல் என்றாலே கிழக்கு. இந்தக் கடல் மேற்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் தொட்டுக் காட்டியதுதான், ஆனால் தலையில் ஏறியது மட்டும் சென்னைக் கடல். நான் உடனே அவரிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வீடியோ எடுக்கட்டும் என்று விட்டேன்.

அவரே கடைசியில் கண்டுபிடித்தார். ஃபோனை மடியில் வைத்துவிட்டு, "எங்க ஆஸ்பத்திரி என்ஜினியர் சார் கிட்ட இதச் சொல்லிடாத" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் மணலில் சாய்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார். நாய்கள் எழுந்து தள்ளிப் போயின. இரண்டு பேரும் இப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று தோன்றியது. அந்த யோசனையே எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

பத்து மணிக்கு ஆபீஸைப் பார்க்கப் போனோம். ஆற்றோரம், பழைய துறைமுகம் பக்கம். ஒரு காலத்தில் அந்தக் கரை முழுக்க ஓட்டுத் தொழிற்சாலைகள்தானாம். செங்கல் புகைபோக்கிகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அதில் ஒன்றைத்தான் கழுவித் துடைத்து, கண்ணாடிக் கதவு போட்டு, மேலே ஆபீஸ்களும் கீழே காபிக் கடையுமாக மாற்றியிருந்தார்கள். புகைபோக்கியில் புகைக்குப் பதிலாக அரச இலை எட்டிப் பார்த்தது. ஜோகுபாளையத்தில் நான் வாக்கப்பட்டு வந்த வீட்டுக் கூரைக்கும் மங்களூர் ஓடுதான். மழை வந்தால் எங்கே எந்தப் பாத்திரத்தை வைப்பது என்பது எனக்கு மனப்பாடம். அந்த ஓடு பிறந்த இடத்தில் ஒரு சொட்டு ஒழுகல் இருக்கிறதா என்று அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை என்பதால் மேலே ஆபீஸ் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தோம். வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு செடி, ஜன்னலுக்கு வெளியே ஆறு. பெங்களூரில் என் மகள் வேலை பழகிய இடத்தில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் பாத்ரூம் குழாய் தெரியும். அவரோ, "லிஃப்ட் நல்ல லிஃப்ட்டு" என்றார். அவர் பாராட்டும் சாமான்கள் உலகத்தில் மிகக் குறைவு.

கீழே காபிக் கடையில் ஓடு சுடுகிற பழைய சூளைக்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து விலைப்பலகையைப் பார்த்ததும், சூளை இன்னும் வேலை செய்கிறது என்று புரிந்தது. நான் கடைப் பெண்ணிடம், "ஒந்து காபி, பை-டூ" என்றேன். பெங்களூரில் நின்றபடி சாப்பிடும் எந்தத் தர்ஷினி ஓட்டலுக்குப் போனாலும் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பார்கள். கேட்பவருக்கும் வெட்கமில்லை, கொடுப்பவருக்கும் முகச்சுளிப்பில்லை. அந்தப் பெண் முழித்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய் இரண்டு முழு காபி கொண்டுவந்தாள், ஒவ்வொன்றிலும் நுரையில் ஓர் இலை வரைந்திருந்தது. பில்லைப் பார்த்து அவர் அந்த இலையைக் கூட விடாமல் வழித்துக் குடித்தார். மூன்றாவது குறை. ஆனால் மகள் காபி குடிப்பதில்லை, அதனால் இதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று எனக்கே தெரிந்தது.

மத்தியானம் துறைமுகப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் மீன் சாப்பாடு. சோறு குண்டு குண்டாக இருந்தது. இது தொண்டையில் இறங்குமா என்று நினைத்தேன். குழம்பை ஊற்றியதும் இறங்கியது, இரண்டாம் முறையும் இறங்கியது. மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாத பெண் என் மகள். இந்த ஊரில் தினமும் ஞாயிற்றுக்கிழமை போலிருந்தது. எழுந்து கை கழுவும்போது எனக்குள் ஏதோ பயம் தட்டியது. குறை தீர்ந்துகொண்டே வருகிறது. கையிலிருப்பது பருப்பு ஒன்றுதான்.

பி.ஜி. ஒரு பழைய வீடு. முன்னால் பலாமரம், பக்கத்தில் கிணறு. நடத்துகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு, "எந்த மாராய்ரே, இவ்வளவு லேட்டா?" என்று, என்னம்மா என்பதை அந்த ஊர்க் கன்னடத்தில் சொல்லி, நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தது போல வரவேற்றார். அறைகளைக் காட்டினார். கட்டிலைத் தட்டிப் பார்த்தேன், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன், பாத்ரூம் மூலையை முகர்ந்து பார்த்தேன். எல்லாம் எங்கள் வீட்டைவிடச் சுத்தம். என் வீட்டுக்காரர் ஸ்விட்சு போர்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடினார். அவரை முறைத்தேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கைப்பையைத் திறந்தேன். பருப்பை எடுத்துக் காட்டி, உங்கள் தண்ணீரில் இதைக் கொஞ்சம் வேக வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா பருப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அப்பாமார் வந்தால் கேட்டைப் பார்ப்பார்கள். அம்மாமார் பாத்ரூமைப் பார்ப்பார்கள். பருப்பு கொண்டுவந்தது நீங்கள்தான்" என்றார். ஆனால் மறுக்கவில்லை. குக்கரை எடுக்கப் போனவரைத் தடுத்து, திறந்த பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும், அதுதான் முறை என்றேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினார். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் ஸ்டூல் போட்டு, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்தோம்.

வேகக் கூடாது, வேகக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை. சமைக்கிற பெண் அப்படி வேண்டிக்கொள்வது பாவம்தான். என்ன செய்ய?

அந்த அம்மா சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தார். ஒரே மகனாம். பெங்களூரில்தான் வேலை, ஏதோ ஒரு பி.ஜி.யில் இருக்கிறானாம். போய்ச் சில வருஷமாகிவிட்டது. இவரால் இங்கே தங்கியிருக்கும் பெண்களை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்க முடியவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி?"

எங்கள் சந்துக்குக் காவேரித் தண்ணீர் அதுவாக நினைத்தால் வரும். மற்ற நாளில் போர் தண்ணீர், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பருப்பு குக்கரில்கூட முரண்டு பிடிக்கும், நான் சோடா உப்பைப் போட்டு ஏமாற்றுவேன். என் பரீட்சையை என் ஊருக்கு வைத்தால் என் ஊரே தேறாது. இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன், அவள் முடியும் கொட்டவில்லை, வயிறும் கெடவில்லை. இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

"காவேரி" என்றேன். "நல்ல தண்ணிதான். உங்க பையன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க." அவர் தலையை ஆட்டினார். "வரமாட்டான், வெட்கப்படுவான்" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்தது அடுப்புச் சூட்டுக்கா வேறு எதற்கா என்று நான் பார்க்கவில்லை. நானும் ஒரு தாய்தானே, அந்தளவு நாகரிகம் எனக்கும் உண்டு.

பாத்திரத்திலிருந்து வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும், திறந்து பார்க்கத் தேவையில்லை. அப்போதும் ஒரு வழி இருந்தது. இன்னும் வேகவில்லை என்று நான் சொன்னால் யார் மறுப்பார்கள்? அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து ஒரு கரண்டி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி வெந்திருக்கு" என்றார். இந்த மனுஷனுக்கு எந்த இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்தே தெரியாது. அந்த அம்மா அதில் உப்பும் நெய்யும் போட்டுச் சோற்றோடு பிசைந்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். மீன் சாப்பாடு வயிற்றில் அப்படியே இருந்தது. இருந்தாலும் முழுக்கத் தின்றேன். தோற்ற பிறகு தின்னாமல் இருந்து என்ன ஆகப் போகிறது?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி வந்து நின்றது. அவர் இடம் பிடிக்க உள்ளே ஏறிவிட்டார். நான் வெளியே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு மகளுக்கு ஃபோன் செய்தேன். பஸ்ஸில் ஏறியபின் எல்லோர் முன்னாலும் பேச முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"என்னம்மா, பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். ஆபீசு நல்லா இருக்கு. ஜன்னல்ல ஆறு தெரியுது. தங்குற வீடும் சுத்தம். அந்தம்மா நல்ல மாதிரி."

"தண்ணி?"

"பருப்பு நல்லா வேகுதுடி" என்றேன். "போலாம். நான் சரின்னு சொல்றேன்."

அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"பாப்பா?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்மா" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "நீ எதுக்கும் சரின்னே சொன்னதில்ல. அதான் உன்னயே போகச் சொன்னேன். நீ வேணாம்னு சொல்லிட்டா, எனக்குத்தான் பயம்னு யாருக்கும் தெரியாதுல்ல."

பெங்களூரிலிருந்து மலை இறங்கி, முதுகு ஒடிய நான் சுமந்துகொண்டு வந்த ஒரே சொல் அந்த 'வேண்டாம்'தான். பகல் முழுக்க அதைச் சொல்ல ஒரு காரணம் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. இப்போது காரணமே தேவையில்லை, என் மகளே கையை நீட்டிக் கேட்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குக் காலையில் அவள் என் சமையலறையில் நிற்பாள், திங்கட்கிழமையும் நிற்பாள், அதற்கப்புறமும் நிற்பாள். என் பிள்ளை ஆசையாகக் கேட்டதை முதலில் வேண்டாம் என்றாலும் கடைசியில் கொடுக்காமல் இருந்ததே கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பயமாத்தான் இருக்கும்" என்றேன். "எனக்கும்தான் பயமா இருக்கு. போ. திங்கக்கெழம நீயே அவங்களுக்கு ஃபோன் பண்ணி வரேன்னு சொல்லு."

"ம்" என்றாள்.

நான் ஃபோனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது, நான் உறிஞ்சுவது அவளுக்கும் கேட்டிருக்கும். கண்டக்டர் வந்து ஏறச் சொல்லும்வரை இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.